ஒசாகாவில் ஃபிளாட் வாங்கலாமா டீச்சர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். 1996ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள். பெயர் வேண்டாம், அவன் செட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். "டீச்சர், உங்க மக ஒசாகாவுலதானே இருக்காங்க? அங்க ஒரு ஃபிளாட் வாங்கிப் போடலாம்னு இருக்கேன். 38 லட்ச ரூபாதான் டீச்சர். சென்னையில அந்தக் காசுக்கு கார் பார்க்கிங்கூட கிடைக்காது" என்றான்.

பணம் எங்கிருந்து என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, அப்பா விட்டுப் போன கரிசல் நிலத்துக்கு ஆள் வந்திருக்கிறது என்றான். அந்த நிலத்தில் அவன் அப்பா பருத்தி போட்டதை நான் பார்த்திருக்கிறேன். பையனுக்கு ஃபீஸ் கட்ட பணம் இல்லாத வருஷத்திலும் விற்காத நிலம். போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த ஒரு வருஷத்தில் இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆள் அவன். ஏதோ ஓட்டலில் கூட்டம் போட்டு, டீ, சமோசா கொடுத்து, திரையில் படம் காட்டுகிறார்களாம்.

பொருளாதாரம் படித்தவள் இல்லை நான். ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் தனிவட்டி, கூட்டுவட்டி சொல்லிக் கொடுத்தவள். ஆனால் மகளும் மருமகனும் 2016ல் ஒசாகாவில் யோதோகாவா வார்டில், ஷின்-ஒசாகா ஸ்டேஷன் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். விடுமுறைக்கும், பேத்தி பிறந்தபோதும், ஓய்வுக்குப் பிறகும் அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். மருமகனுக்கு ஜப்பானிய மொழி வாசிக்கத் தெரியும். அவர் வாசித்துச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி வைத்தேன். பழக்கம் விடவில்லை.

முதலில் ஒரு வார்த்தை. ஜப்பானில் இந்த மாதிரி கான்கிரீட் அடுக்குமாடி வீட்டுக்கு 'மன்ஷோன்' என்று பெயர். மேன்ஷன்தான். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை தேடியவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவன் அனுப்பிய பிடிஎஃப்பில் இருந்த வீடு உண்மையிலேயே திருவல்லிக்கேணி அளவுதான். 19 சதுர மீட்டர், அதாவது 204 சதுர அடி. நம் வகுப்பறை இருபதுக்கு இருபது, 400 சதுர அடி. அதில் பாதிக்குள் கட்டில், அடுப்பு, குளியலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. 1990ல் கட்டியது. விலை 68 லட்சம் யென்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வெளிநாட்டுக்காரர் நிலமும் வீடும் சொந்தமாக வாங்கலாம். அங்கே குடியிருக்க வேண்டும் என்றோ குடியுரிமை வேண்டும் என்றோ சட்டம் கேட்பதில்லை. பல ஆசிய நாடுகளில் இப்படி இல்லை. பத்திர விவரம் யாருக்கும் திறந்திருக்கிறது. 600 யென் கட்டினால் எந்த வீட்டின் பதிவையும் எடுத்துப் பார்க்கலாம், யாரிடம் அடமானம் இருக்கிறது என்பது உட்பட. நம் ஊரில் வில்லங்கத்துக்கும் பட்டாவுக்கும் அலைந்தவர்களுக்கு அருமை தெரியும். ஆகவே, யாரோ போலிப் பத்திரத்தில் ஏமாற்றிவிடுவார்கள் என்பது என் பயம் இல்லை. அந்த வீடு உண்மையாகவே உன்னுடையதாகிவிடும் என்பதுதான் என் பயம்.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர்ப்பக்கம் கோயில் கொடைக்கு வரி போடுவார்கள் இல்லையா, தலைக்கட்டு வரி. நீ பம்பாயில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் உன் பெயர் ஊர் நோட்டில் இருக்கும். கட்டாவிட்டால் பாக்கி ஏறும். ஜப்பானில் ஒரு மன்ஷோன் வாங்கினால் அப்படித்தான் ஒரு 'ஊர் நோட்டில்' பெயர் ஏறிவிடுகிறது. கன்ரி குமியாய் என்பார்கள், வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த நிர்வாகச் சங்கம். 1962லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வீடு வாங்கியவர் 'எனக்கு வேண்டாம்' என்று சங்கத்திலிருந்து விலக முடியாது. மாதாமாதம் இரண்டு தொகை கட்ட வேண்டும். ஒன்று லிஃப்ட், விளக்கு, கூட்டிப் பெருக்குவது போன்ற நிர்வாகச் செலவு. இன்னொன்று பழுதுபார்ப்புச் சேமிப்பு நிதி. சுமார் 12 முதல் 15 வருஷத்துக்கு ஒருமுறை கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, வெளிச்சுவர், மொட்டை மாடி, குழாய் எல்லாம் பெரிய அளவில் பழுதுபார்ப்பார்கள். அதற்கான உண்டியல் இது.

2017 மே விடுமுறையில் நான் அங்கே இருந்தேன். சுற்றுமுறையில் வரும் சங்க நிர்வாகப் பொறுப்பு அந்த வருஷம் என் மருமகனுக்கு. 72 வீடுகள். அடுத்த வருஷம் ஜூனில், வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் சட்டம் அமலுக்கு வர இருந்தது. 'எங்கள் கட்டடத்தில் அது வேண்டாம்' என்று விதியை மாற்ற விரும்பினார்கள். விதியை மாற்ற அப்போது நாலில் மூன்று பங்கு ஆதரவு தேவைப்பட்டது. 72ல் 54. கூட்டத்துக்கு வராதவர்கள் கையெழுத்துப் போட்டுத் தாள் அனுப்பினால் போதும். மருமகன் வேலை முடித்து வந்து ராத்திரி பதினோரு மணி வரை கடிதம் எழுதினார். ஒன்பது உரிமையாளர்கள் வெளிநாட்டில். அவர்களில் ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. 51 ஓட்டு விழுந்தது. தீர்மானம் தோற்றது.

அந்த ஒன்பது பேர் கெட்டவர்கள் இல்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களும் இல்லை. அவர்களுக்குக் கடிதமே புரிந்திருக்காது, அல்லது கவரைப் பிரித்தே இருக்க மாட்டார்கள். ஆனால் நாலாவது மாடியில் தனியாக இருந்த எண்பது வயது அம்மா, கூட்டம் முடிந்து லிஃப்டில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. அடுத்த முறை எப்படியோ நிறைவேற்றிவிட்டார்கள். இந்த மாதிரித் தொல்லை நாடு முழுக்க இருந்ததால்தான் 2025ல் சட்டத்தையே திருத்தினார்கள். வெளிநாட்டு உரிமையாளர் உள்நாட்டில் ஒரு நிர்வாகியை நியமிக்க வழி செய்திருக்கிறார்கள். இருக்கும் இடமே தெரியாத உரிமையாளரை நீதிமன்றம் மூலம் ஓட்டுக் கணக்கிலிருந்து நீக்கவும் இப்போது இடமுண்டு. டோக்கியோவில் சியோதா வார்டு நிர்வாகம், புது வீட்டை வாங்கி ஐந்து வருஷத்துக்குள் கைமாற்றி விற்பதைத் தடுக்கும்படி 2025 ஜூலையில் ரியல் எஸ்டேட் நிறுவனங்களின் சங்கத்தைக் கேட்டுக்கொண்டது. ஊர்க்காரர்கள் பொறுமை இழக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி கணக்கு. பிடிஎஃப்பில் வாடகை 46,000 யென், 'ஆண்டு வருமானம் 8 சதவீதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி விலையால் வகுத்தால் 8 வருகிறதுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். கழித்தல் கணக்கைத்தான் போடவில்லை.

நிர்வாகச் செலவு மாதம் 7,200. பழுதுபார்ப்பு நிதி 2,100. வாடகை வசூலித்துத் தரும் கம்பெனிக்கு 5 சதவீதம், 2,300. வருஷத்துக்கு மீதி 4,12,800 யென். சொத்து வரி சுமார் 40,000 என்று வைத்துக்கொள்வோம். அங்கே குடியிருக்காதவர் வரிக் கணக்குக்காக உள்ளூரில் ஒரு பிரதிநிதி வைக்க வேண்டும். அவருக்கு 60,000. இப்போதே 4.6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

இந்த 2,100 யென்னைக் கவனியுங்கள். பிடிஎஃப்பில் நான் சிவப்பு மையில் வட்டம் போட்டது அதற்குத்தான். 19 சதுர மீட்டருக்கு 2,100 என்றால் மீட்டருக்கு 110 யென். ஜப்பான் அமைச்சகத்தின் 2021 வழிகாட்டியில், சிறிய கட்டடங்களுக்குச் சராசரி 335 யென். அதாவது மூன்றில் ஒரு பங்குதான் உண்டியலில் விழுகிறது. 1990ல் கட்டியது, மூன்றாவது பெரிய பழுதுபார்ப்பு வரும் வயசு. காசு எங்கே? விற்கும்போது மாதச் செலவு குறைவாகத் தெரியவேண்டும் என்று ஆரம்பத்தில் நிதியைக் குறைத்து வைத்துவிட்டு, பிறகு படிப்படியாக ஏற்றுவது அங்கே வழக்கம். ஏற்றினால் மாதம் 6,400. ஏற்றவில்லை என்றால் ஒரு நாள் எல்லோரிடமும் மொத்தமாகக் கேட்பார்கள். அதுவும் இல்லை என்றால் ஓடு உதிரும். ஏற்றினார்கள் என்று வைத்தால் வருமானம் 3.8 சதவீதம். குடியிருப்பவர் காலி செய்து இரண்டு மாதம் ஆள் வராமல், சுவர்த்தாள் மாற்றி, ஏசி போட ஒரு லட்சம் யென் செலவானால், அந்த வருஷம் கையில் நிற்பது 1 சதவீதம். அதற்கு மேல் வருமான வரி.

இது என் கற்பனை இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் இன்னொரு மாணவன் 2019ல் ஒசாகாவில் இதே மாதிரி ஒன்று வாங்கினான், 65 லட்சம் யென்னுக்கு. அவன் ரசீதுகளைப் பார்த்துத்தான் மேலே உள்ள செலவுகளை எழுதினேன். வாங்கும்போது தரகு மட்டும் 2,80,500 யென் (3 சதவீதம், அதோடு 60,000, அதன் மேல் 10 சதவீத வரி, அப்போது அங்கே சட்டப்படி இதுதான் உச்ச வரம்பு). பதிவு வரி, வாங்கிய வரி தனி. முதல் மாதமே சங்கத்திலிருந்து கடிதம். பழைய உரிமையாளர் 14 மாதம் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நீங்கள் கட்டுங்கள் என்று. "அவர் பாக்கியை நான் ஏன் கட்டணும்?" என்று கேட்டான். கட்டத்தான் வேண்டும். சங்கப் பாக்கி வாங்கியவர் தலையில் ஏறும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. விற்பனைக்கு முன் உரிமம் பெற்ற ஒருவர் 'முக்கிய விவர விளக்கம்' என்று ஒரு ஆவணத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். அதில் இந்தப் பாக்கி எழுதியிருந்தது. ஜப்பானிய மொழியில். இவன் கையில் இருந்தது ஆங்கிலத்தில் இரண்டு பக்கச் சுருக்கம்.

வாடகைக்கு உத்தரவாதம் உண்டு, ஆள் இல்லாவிட்டாலும் கம்பெனி தரும் என்றும் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷம் தந்தார்கள். பிறகு குறைத்துவிட்டார்கள். வாடகைக்கு எடுத்தவர் குறைக்கக் கேட்கலாம் என்பது ஜப்பானியக் குத்தகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு எழுதியிருந்தாலும். கம்பெனியும் வாடகைக்கு எடுத்தவர்தானே. 

எல்லாவற்றுக்கும் மேலே யென். 2019ல் ஒரு யென் சுமார் 65 பைசா. 2024ல் 55 பைசா வரை இறங்கிவிட்டது. அதே 65 லட்சம் யென்னுக்கே அவன் விற்றாலும் 42 லட்ச ரூபாய் போட்டு 36 லட்சம் கையில் வாங்குவான். சரி, இப்போது யென் மலிவு, இனி ஏறும் என்கிறாயா? ஏறலாம். அது யென் பந்தயம். அதற்கு ஏன் லிஃப்டும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு பொருளை வாங்க வேண்டும்?

சென்னைப் பையனுக்கு இன்னொரு சேதி. இந்தியாவில் இருப்பவர் ரிசர்வ் வங்கி விதிப்படி ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், வீடும் வாங்கலாம். ஆனால் 10 லட்ச ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிக்கும். 38 லட்சம் அனுப்பினால் 5.6 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை காசு அங்கே முடங்கும். வருஷா வருஷம் வருமான வரிப் படிவத்தில் அந்த வீட்டைக் காட்ட வேண்டும். மறந்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதம் வரை போகலாம். ஜப்பானில் வாங்கிய 20 நாளுக்குள் நிதியமைச்சருக்கு, ஜப்பான் வங்கி வழியாக, தகவல் தர வேண்டும். கூட்டத்தில் சமோசா கொடுத்தவர்கள் இதில் எதையும் சொல்லவில்லையாம். 'வீடு வாங்கினால் விசா கிடைக்கும்' என்று மட்டும் ஜாடையாகச் சொன்னார்களாம். கிடைக்காது. ஒசாகாவில் பத்து வீடு வைத்திருந்தாலும் டூரிஸ்ட் விசாவில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நாள் வாடகைக்கு விடலாம் என்ற ஆசையும் அவனுக்கு இருந்தது. அந்தச் சட்டப்படி வருஷத்துக்கு 180 நாள்தான். அதுவும் சங்க விதி அனுமதித்தால். என் மருமகன் ராத்திரி கண்விழித்துக் கடிதம் எழுதியது எதற்கு என்று மேலே படித்தீர்களே.

விலை ஏறாதா டீச்சர் என்று கேட்பீர்கள். ஏறியிருக்கிறது. டோக்கியோவின் 23 வார்டுகளில் புது வீட்டின் சராசரி விலை 2023ல் 10 கோடி யென்னைத் தாண்டியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு ஒசாகாவின் மையத்தில் நல்ல குடும்ப வீடு வாங்கியவர்களுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் விலை ஏறியது குடும்பங்கள் போட்டி போடும் வீட்டுக்கு. 1990ன் 204 சதுர அடியை அடுத்து வாங்கப் போவது யார்? இன்னொரு ஊரில் இன்னொரு ஓட்டலில் டீ, சமோசா சாப்பிடுகிறவர்தான். மக்கள்தொகை 2008க்குப் பிறகு இறங்குமுகம். 2023 கணக்கெடுப்பில் காலி வீடுகள் 90 லட்சம், மொத்தத்தில் 13.8 சதவீதம்.

நீகாதா மாநிலத்தில் யுசாவா என்று ஒரு பனி ஊர் இருக்கிறது. 1980களின் கடைசியில் காசு கொழித்த காலத்தில் பனிச்சறுக்குக்கு வருகிறவர்களை நம்பி அங்கே வரிசையாக மன்ஷோன் கட்டினார்கள். கோடிக்கணக்கான யென் கொடுத்து வாங்கினார்கள். பிறகு அதே கட்டடங்களில் ஒரு லட்சம் யென்னுக்கு, அதாவது ஐம்பது அறுபதாயிரம் ரூபாய்க்கு, வீடு விளம்பரத்துக்கு வந்தது. கூரை ஒழுகவில்லை, வெந்நீர்க் குளம்கூட இருக்கிறது. மாதச் சங்கக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே, அந்த 'ஊர் நோட்டிலிருந்து' பெயரை எடுக்கத்தான் விற்றார்கள். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வேண்டும் அல்லவா.

பூகம்பத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2018 ஜூன் 18, அதிகாலை நாலரை மணிக்கு மகளின் போன். அங்கே காலை எட்டு மணி. "அம்மா, நாங்க நல்லாருக்கோம்" என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அலமாரி விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் தகட்சுகியில் பள்ளிக்கு நடந்து போன ஒன்பது வயதுக் குழந்தை மேல் பள்ளி நீச்சல் குளத்தின் சுவர் விழுந்தது. அன்றைக்குப் பள்ளிக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை நம் காம்பவுண்டு சுவரைத் தள்ளிப் பார்த்தது. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீடு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 1981 ஜூன் 1க்குப் பிறகு அனுமதி வாங்கிய கட்டடங்களுக்குத்தான் புதிய பூகம்பத் தரம். கட்டி முடித்த தேதி கணக்கில்லை, அனுமதி தேதிதான் கணக்கு. 1982ல் முடித்த கட்டடம் பழைய தரமாக இருக்கலாம். பூகம்பக் காப்பீடும் தீக்காப்பீட்டுத் தொகையில் பாதிக்கு மேல் தராது.

கடைசியாக, இதை அவன் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 2024 ஏப்ரலிலிருந்து ஜப்பானில் வாரிசுப் பெயர் மாற்றம் கட்டாயம். தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் செய்ய வேண்டும், தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம். இரண்டு பெண் குழந்தைகளும் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று வாங்கி, அதை ஜப்பானிய மொழிக்கு மாற்றி, அங்கே பதிவு வேலை பார்ப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதுவரை சங்கக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். கரிசல் நிலம் என்றால் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதற்கு அது யாரிடமும் காசு கேட்காது.

அப்படியானால் யாரும் வாங்கக் கூடாதா? என் மகள் வாங்கினாள், நான்தான் பால் காய்ச்சினேன். அவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள், அங்கேயே வரி கட்டுகிறார்கள், குழந்தை அங்கே பள்ளிக்குப் போகிறது. சங்கக் கூட்டத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்காருகிறார்கள். லிஃப்ட் மாற்றுவதா வேண்டாமா என்று சண்டையும் போடுகிறார்கள். ஜப்பானில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் தாராளமாக வாங்கட்டும். குடியிருக்கவும் மாட்டேன், கூட்டத்துக்கும் வர மாட்டேன், கடிதமும் வாசிக்கத் தெரியாது என்கிறவர் வாங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அவருக்கும் நல்லதில்லை, அந்த நாலாவது மாடி அம்மாவுக்கும் நல்லதில்லை.

பையன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "யோசிக்கிறேன் டீச்சர்" என்றான். எட்டாம் வகுப்பிலும் வீட்டுப்பாடம் எழுதாதபோது இதையேதான் சொல்வான். மூன்று தாள்களைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்: அந்தச் சங்கத்தின் கடைசி மூன்று வருஷக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டம், நிதியில் இப்போது எவ்வளவு இருக்கிறது, யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. விற்கிறவர் தர மறுத்தால் அதுவே பதில். தந்தால் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறான். நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். அவன் மனைவி, "நான் பாத்துக்கறேன் டீச்சர்" என்றாள். அந்தப் பெண்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஒசாகா, கோபே பக்கம் இருக்கிற நம் பள்ளிப் பிள்ளைகளில் ஜப்பானிய மொழி நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வீடியோ காலில் வர முடியுமா? மருமகனுக்கு அன்றைக்குச் சங்கக் கூட்டமாம். முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.